இறந்தவரின் பெருவிரல் ரேகை எங்கிருந்து வரும்?

வாசகர் கேள்வி (சுருக்கப்பட்டது):

வணக்கம் ஐயா. எனக்கு வயது 47. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இருபது வயதிலிருந்து ஒரு போர்ஷே வாங்க வேண்டும் என்று ஆசை. இப்போது 2003-ஆம் ஆண்டு பாக்ஸ்டர் ஒன்று, 2.7 லிட்டர் எஞ்சின், 68,000 ரிங்கிட்டுக்கு வந்திருக்கிறது. புலாவ் தீக்குஸில் ஒரு மருத்துவர் வைத்திருந்த கார். அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். மகன் விற்கிறார். (கார் உரிமைப் பத்திரமான கிராண்ட் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதாம்.) நடுவில் ஒரு பழைய கார் வியாபாரி இருக்கிறார். பெயர் மாற்றத்தை ‘ரன்னர்’ (அலுவலக வேலைகளை முடித்துத் தரும் ஆள்) பார்த்துக்கொள்வார், கவலைப்பட வேண்டாம் என்கிறார். 3,000 ரிங்கிட் முன்பணம் கொடுத்துவிட்டேன். ரசீதில் ‘திருப்பித் தரப்படாது’, ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதியிருக்கிறார். இந்த மாடலில் எஞ்சினுக்குள் ஒரு பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்று படித்தேன். வாங்கலாமா? பிறகு எஞ்சின் பழுதானால் வழக்குப் போட முடியுமா? என் மனைவி இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

பதில்:

உங்கள் முழுக் கடிதத்தில் எஞ்சினைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. கார் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள். நான் அந்த அடைப்புக்குறியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கிராண்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் மருத்துவரின் பெயர். அதற்குக் கீழே ஒரு வங்கியின் உரிமைக்கோரலும் இன்னும் நிற்கிறது. இருபது வயதுக் காருக்கு வங்கிக் கடன் மிச்சம் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் கடனைக் கட்டி முடித்துவிட்டு, கோரலை நீக்கச் சொல்லாமலே விட்டுவிட்டவர்கள் நம்மில் ஏராளம். அது ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் நீங்காதவரை பெயர் மாறாது. இது சிறிய சிக்கல்தான், வங்கியின் விடுவிப்போடு தீர்ந்துவிடும்.

பெரிய சிக்கல் வேறு. மகனுக்கு இந்தக் காரை விற்கும் உரிமை இன்று இல்லை. ஒருவர் இறந்ததும் அவருடைய சொத்து தானாகப் பிள்ளையின் கைக்கு வந்துவிடுவதில்லை. உயில் இருந்தால் அதை நிறைவேற்றுபவர் நீதிமன்றத்தில் உயிலை உறுதிசெய்யும் ஆணையான புரோபேட் வாங்க வேண்டும். உயில் இல்லையென்றால் யாராவது ஒருவர் நிர்வாகியாக நியமிக்கப்பட வேண்டும். அந்த நியமனப் பத்திரத்தைத்தான் ‘எல்.ஏ.’ (Letters of Administration) என்கிறோம். உயர் நீதிமன்றமா, நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவா, அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவா, எங்கே போவது என்பது விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பையும், அதில் வீடு நிலம் உண்டா என்பதையும் பொறுத்தது. மருத்துவருக்குப் புலாவ் தீக்குஸில் வீடு இருந்திருந்தால், காருக்கு மட்டும் தனியாக ஒரு தாள் வாங்கிவிடலாம் என்று மகன் நினைப்பது நடக்காது.

உயில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். மருத்துவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அவருடைய மனைவி இருக்கிறார், பெர்த்தில் ஒரு மகளும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், மருத்துவரின் கடன்களெல்லாம் அடைந்த பிறகு இந்த மகனுக்குச் சேர வேண்டியது மூன்றில் ஒரு பங்கு. 68,000 ரிங்கிட்டை வாங்கிக்கொண்டு அவர் உங்களுக்குத் தரக்கூடியது, மனக்கணக்குப்படி ஒரு ஸ்டீயரிங்கும் ஒன்றேகால் சக்கரமும். சட்டப்படி அதுவும் கிடையாது, ஏனென்றால் சொத்து இன்னும் பிரிக்கப்படவில்லை.

தன்னிடம் இல்லாத உரிமையைப் பிறருக்குக் கொடுக்க முடியாது என்பது 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் உங்களைப் போல விவரம் தெரிந்தே வாங்குபவரை அவை காப்பாற்றாது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்பது ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உள்ளடங்கிய நிபந்தனை. நீதிமன்றங்கள் இதை எவ்வளவு கடுமையாகப் பார்க்கும் என்பதற்கு 1923-இல் தீர்ப்பான ஆங்கில வழக்கு ஒன்றைச் சட்டக் கல்லூரியில் எல்லோரும் படித்திருப்போம். ரோலண்ட் என்பவர் டிவாலிடமிருந்து 334 பவுனுக்கு ஒரு கார் வாங்கினார். ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து அது திருட்டுக் கார் என்று போலீஸ் எடுத்துக்கொண்டது. காரை அத்தனை மாதம் பயன்படுத்தியாயிற்றே, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாமே என்றது விற்றவர் தரப்பு. நீதிமன்றம் ஒரு காசும் கழிக்கவில்லை. அவர் விலை கொடுத்தது உரிமைக்கு, அந்த உரிமை வரவே இல்லை, ஆகவே முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் அதைச் செலவழித்துவிட்டிருந்தால் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

இப்போது ரன்னருக்கு வருகிறேன். ஜேபிஜேயில் பெயர் மாற்றும்போது உரிமையாளர் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அவர் காலமாகி இரண்டு ஆண்டு ஆகிறது. ரன்னர் எதைக் கொண்டுபோய் வைப்பார்? ‘பார்த்துக்கொள்வார்’ என்பதற்கு இரண்டே அர்த்தம் இருக்க முடியும். ஒன்று, எதுவும் நடக்காது, நீங்கள் இறந்தவர் பெயரில் உள்ள காரை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மற்றது, ஏதாவது பொய்ப் பத்திரம் தயாராகும். பொய் என்று தெரிந்தோ, பொய்யாக இருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தோ ஒரு பத்திரத்தை உண்மையானதாகப் பயன்படுத்துவது தண்டனைச் சட்டத்தின் 471-ஆம் பிரிவின் கீழ் குற்றம். ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று பிறகு நீங்கள் சொல்ல முடியாது. எனக்கு எழுதிய கடிதமே இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இதே போல ஒரு விதவைப் பெண்ணின் மைத்துனரிடமிருந்து, அவளுடைய கணவர் பெயரில் இருந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கினார். அந்தப் பெண்ணின் மூத்த மகள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். கார் மூன்று ஆண்டு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தார்ப்பாய்க்குள் நின்றது. கடைசியில் ஒரு நாள் அவர் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். கூரைத்துணியில் எலி கூடு கட்டியிருந்தது.

ஆகவே என் பதில்: காரை வாங்கலாம், நிர்வாகியிடமிருந்து வாங்குங்கள். எல்.ஏ. வரும்வரை இன்னொரு ரிங்கிட்கூட கைமாற வேண்டாம். மகன் நேர்மையானவராக இருந்தால், நிர்வாகி நியமனத்துக்கு அவரே விண்ணப்பிக்கட்டும், தாயும் தங்கையும் ஒப்புதல் தரட்டும். அதுவரை காத்திருக்க உங்களுக்கு மனம் இருந்தால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாத உடன்படிக்கை போதும். அதில் இந்த வரி இருக்க வேண்டும்: ‘விற்பவர் நிர்வாகியாக நியமிக்கப்பட்டு, வங்கியின் கோரல் நீக்கப்பட்டு, ஜேபிஜேயில் வாங்குபவர் பெயருக்கு உரிமை மாறும் அன்றே விலை செலுத்தப்படும், ஆறு மாதத்துக்குள் இது நடக்காவிட்டால் முன்பணம் முழுவதும் பதினான்கு நாளில் திருப்பித் தரப்படும்.’ வியாபாரி இதைப் பார்த்து முகம் சுளித்தால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த 3,000 ரிங்கிட்? ரசீதைப் பார்த்தேன். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் புத்தகத்திலிருந்து கிழித்த தாள், நிறுவன முத்திரை இல்லை, கையெழுத்து என்ற இடத்தில் ஒரு சுழி. ‘திருப்பித் தரப்படாது’ என்று எழுதிவிட்டால் மட்டும் பணம் அவருடையதாகிவிடாது. முன்பணத்தைப் பறிமுதல் செய்வதும் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டது, நியாயமான அளவுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018-இல் க்யூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதுவும் வாங்குபவர் பின்வாங்கும்போது எழும் கேள்வி. இங்கே பொருளைத் தர முடியாமல் நிற்பவர் விற்பவர். நாளைக்கே எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் மனுச் செய்யலாம். படிவம் 198. என் தொழிலுக்குக் கெடுதல்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இனி உங்கள் பேரிங். எஞ்சினைப் பற்றிய என் ஞானம் என் ஒன்பது வயது மைவி காரோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் அந்தக் காலத்துப் பாக்ஸ்டர்களில் இடைத்தண்டின் பேரிங் உடைந்து எஞ்சின் பாழாவது உலகறிந்த விஷயம், அமெரிக்காவில் கூட்டு வழக்கே நடந்து சமரசமாகியிருக்கிறது. உலகறிந்த குறை என்பதுதான் சட்டத்தில் உங்களுக்குப் பாதகம். தனிநபர் விற்கும்போது ‘விற்கத் தகுந்த தரம்’ என்ற உள்ளடங்கிய நிபந்தனை பொருந்தாது, அது அந்தப் பொருளில் வியாபாரம் செய்பவருக்குத்தான். விற்பவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. சாதாரண முயற்சியில் கண்டுபிடித்திருக்கக்கூடிய உண்மையை நீங்கள் தேடாமல் விட்டிருந்தால், மௌனத்தையோ தெரியாமல் சொன்ன தவறான தகவலையோ காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் கேட்ட கேள்விக்குச் சொன்ன பொய் வேறு விஷயம். அதனால் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: ‘இடைத்தண்டு பேரிங் மாற்றப்பட்டதா? எந்த ஆண்டு, எந்தப் பட்டறை, பில் இருக்கிறதா? கார் எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா? எஞ்சின் மாற்றப்பட்டதா?’ ‘மாற்றியாச்சு, எல்லாம் ஓகே’ என்று பதில் வந்தால் அது பிற்காலத்தில் உங்கள் சாட்சி. பதிலே வராவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இந்த வகைக் காரைப் பிரித்துச் சேர்த்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் எண்ணெய் வடிகட்டியைத் திறந்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனை இதற்கு உதவாது. எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவோடு பொருந்துகிறதா, கார் சாலைக்குத் தகுதியானதா என்பதுதான் அவர்கள் வேலை.

வியாபாரியே விற்பவராக இருந்திருந்தால் கதை வேறு. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும், அதன் 6-ஆம் பிரிவுக்கு முன் ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் நிற்காது. பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும். தனிநபர் விற்பனைக்கு அந்தக் கதவு திறக்காது. அதனால்தான் வியாபாரிகள் சிலர் ‘நான் சும்மா அறிமுகம் செய்து வைத்தேன்’ என்று நழுவுகிறார்கள். ரசீதில் அவர் யாருக்காகப் பணம் வாங்கினார் என்று எழுதவில்லை. அதை எழுதி வாங்குங்கள்.

காப்புறுதிக்கும் முன்கூட்டியே விசாரியுங்கள். இந்த வயதுக் காருக்குப் பல நிறுவனங்கள் முழுக் காப்புறுதி தரத் தயங்கும். தந்தாலும், பத்து ஆண்டு கடந்த காரில் புதிய பாகம் பொருத்தினால் அதன் விலையில் 40 விழுக்காடு வரை உங்கள் தலையில் விழலாம். சந்தை மதிப்புக்குப் பதிலாக முன்பே ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்புறுதி கிடைக்குமா என்று கேளுங்கள். சைலன்சர், சக்கரம் என்று முந்தியவர் எதை மாற்றியிருந்தாலும் நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். சாலை வரி, 2,687 சிசிக்குத் தனிநபர் பெயரில் ஆண்டுக்கு 1,347.50 ரிங்கிட். இதை மனைவியிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமை மருத்துவரின் மகனோடு தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் வரை அந்த வளைவுச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சாலை வரி முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், காப்புறுதியும் அதோடு முடிந்திருக்கும். காப்புறுதி இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின் கீழ் குற்றம்: 1,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், கூடவே ஓட்டும் உரிமமும் பறிபோகலாம். யாரையாவது இடித்துவிட்டால் இழப்பீடு உங்கள் சொந்தப் பணத்திலிருந்து. எஞ்சினை வீட்டு வாசலிலேயே ஓடவிட்டுக் கேளுங்கள். பட்டறைக்கு டோ டிரக்கில் அனுப்புங்கள், அந்தக் கட்டணத்தை மகன் ஏற்கட்டும்.