விதைத் தேயிலையும் வீ.பி. தேயிலையும்: நுண்ணறிவு பற்றி இரு கேள்விகள்

கேள்வி: எனது மகன் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று புள்ளிகளால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டான். நானும் கணவரும் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். நுண்ணறிவில் பாதிக்கு மேல் பரம்பரையால் வருவதாக விஞ்ஞானமே சொல்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் கூறியதிலிருந்து மனம் சரியில்லை. அது உண்மையா? – ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அவர் சொன்ன எண் பொய்யல்ல, சகோதரி, அதற்கு அவர் கொண்ட பொருள்தான் பிழை.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். 1905இல் பாரிஸில் உளவியலாளர் அல்பிரட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் தமது நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியது, பாடசாலையில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு உதவுவதற்காகவே. நுண்ணறிவைக் கூட்டவே முடியாது என்று பேசியவர்களை பினே 1909இலேயே கடுமையாக மறுத்தார். இன்று பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையில், உளவியலாளர் பிள்ளையின் எதிரே அமர்ந்து, நொடிக்கு ஒன்றாக இலக்கங்களைச் சொல்லி அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வைப்பார். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளைக் கொடுத்துப் படத்திலுள்ள வடிவத்தை அடுக்கச் சொல்வார். சொற்களுக்குப் பொருள் கேட்பார். பெற்ற புள்ளி அதே வயதுப் பிள்ளைகளின் புள்ளிகளோடு ஒப்பிடப்பட்டு, சராசரி 100, நியம விலகல் 15 என்ற அளவுக்கு மாற்றப்படும்; மூவரில் இருவர் 85க்கும் 115க்கும் இடையில் வருவர். இவ்வளவு கவனமாக எடுத்தாலும், அதே பிள்ளை இன்னொரு நாள் நான்கைந்து புள்ளி கூடவோ குறையவோ பெறலாம். புலமைப்பரிசில் பரீட்சையோ பாட அறிவையும் சேர்த்துச் சோதித்து, பாடசாலை இடங்களைப் பங்கிடுவதற்கான போட்டி. அதில் மூன்று புள்ளி குறைந்ததை வைத்து மூளையை எடைபோடுவது எந்த விதத்திலும் பொருந்தாது.

இனி அந்தப் 'பாதிக்கு மேல்'. உங்கள் ஊர் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 என்ற இனம் போன்ற, விதையின்றித் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த வீ.பி. தேயிலை நட்ட மலையை நினைத்துப் பாருங்கள். அத்தனை செடிகளும் ஒரே தாய்ச்செடியின் வழிவந்தவை, மரபணு ஒன்றே. அங்கே மண் கரைந்த சரிவில் நிற்கும் செடி வாடியும் பள்ளத்தில் நிற்கும் செடி தழைத்தும் இருந்தால், வேறுபாடு முழுவதும் மண்ணாலும் நீராலும் வந்தது. மரபின் பங்கு பூச்சியம். மாறாக, விதைத் தேயிலை நாற்றுகளை ஒரே மண், ஒரே உரம், ஒரே நிழலில் வளர்த்தால் வேறுபாடு முழுவதும் விதையால் வந்தது. மரபின் பங்கு நூறு சதவீதம். தேயிலைக்கு விதையும் மண்ணும் எப்போதும் தேவைதான். மாறியது செடிகளுக்கு இடையிலான வேறுபாட்டின் காரணம் மட்டுமே. அதே விதைகளில் பாதியை உரமே இல்லாத இன்னொரு நாற்று மேடையில் இட்டால், ஒவ்வொரு மேடைக்குள்ளும் வேறுபாடு விதையால் வந்ததாக இருக்க, இரு மேடைகளுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் உரத்தால் வந்ததாகவே இருக்கும். லயத்துப் பிள்ளைகளை நகரத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பரம்பரை பேசுவோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

மனிதரில் இதைக் கணிக்க, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரையும் இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையரையும் ஒப்பிடுவர். அவ்வாறு கண்ட பங்கு ஒன்பது வயதளவில் ஏறத்தாழ 40 சதவீதம், பதினேழு வயதளவில் 65 சதவீதத்தை அண்டியது; ஆனால் ஆராயப்பட்டவர்களில் பெரும்பாலோர் வசதியான நாடுகளின் பிள்ளைகள். 2003இல் உளவியலாளர் எரிக் டர்க்ஹைமரும் பிறரும் அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையரை ஆராய்ந்தபோது, மிக வறிய வீடுகளில் அந்தப் பங்கு பூச்சியத்தை நெருங்கியிருந்தது. ஐரோப்பாவில் இந்தப் போக்கு தெளிவாகத் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும், கடந்த நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரிப் புள்ளி பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி உயர்ந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் எடுத்துக்காட்டினார். மரபணு அந்த வேகத்தில் மாறாது.

நீங்கள் எட்டாம் வகுப்பில் நின்றதற்கு உங்கள் மரபணுவைத் தேட வேண்டியதில்லை; அருகில் எந்த வகுப்புவரை பாடசாலை இருந்தது என்று கேட்டாலே போதும்.

கேள்வி: கைபேசியில் நுண்ணறிவுச் சோதனை செய்தேன், 140 வந்தது. நண்பர்கள் நால்வருக்கும் 130க்கு மேல். நம்பலாமா? – உயர்தர மாணவன், அட்டன்

பதில்: முறையாக நியமப்படுத்திய சோதனையில் 130ஐத் தாண்டுவோர் நூறில் இருவர் அளவே, 140ஐத் தாண்டுவோர் ஆயிரத்தில் நால்வர். ஒரே தேநீர்க்கடை மேசையில் ஐவரும் தாண்டிவிட்டீர்கள் என்றால், தம்பி, சந்தேகப்பட வேண்டியது கைபேசியை.