பதின்பருவப் பிள்ளையோடு சிங்கப்பூர்: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகளை முதன்முறையாக வெளிநாடு அழைத்துப்போகும் வாசகர்களின் கேள்விகளில் சில:

மகளுக்கு 14 வயது 8 மாதம். அடுத்த மே மாதம் சிங்கப்பூர் போக ஆசை. இப்போதே பாஸ்போர்ட் எடுத்துவிடலாமா?
*– வாசகி, திண்டுக்கல்*

பயணத்துக்கு நாள் இருப்பதால் நான்கு மாதம் பொறுங்கள். 15 வயது நிறையாதவர்களுக்குத் தரும் பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது வரை, எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும். 15 நிறைந்துவிட்டால் 10 ஆண்டுக்கான பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கலாம். 18 வயது வரைக்குமானதற்குக் கட்டணம் ரூ.1,000, 36 பக்கப் பத்தாண்டு பாஸ்போர்ட்டுக்கு ரூ.1,500. வித்தியாசம் 500 ரூபாய்தான். சிங்கப்பூர் உட்படப் பல நாடுகள் குறைந்தது 6 மாதச் செல்லுபடி கேட்கின்றன. அதனால் 18 வயது வரையிலான பாஸ்போர்ட் பதினேழரை வயதிலேயே அந்த நாடுகளுக்கு உதவாமல் போய்விடும்.

'அனெக்சர் டி' உறுதிமொழியில் தாய், தந்தை இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவருடைய ஒப்புதல் பெற முடியாத சூழலில் 'அனெக்சர் சி'. சேவை மையத்துக்கு மகள் நேரில் வர வேண்டும். புகைப்படத்தை அங்கேயே எடுப்பார்கள். பெற்றோரின் பாஸ்போர்ட்டுகளையும் அசலாகவே கொண்டுபோங்கள். கவுண்டரில் பலரைத் திருப்பி அனுப்புவது எழுத்துப்பிழைதான். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். காத்திருக்கும் இந்த நான்கு மாதத்தில் திருத்தவும் நேரம் கிடைக்கும்.

மகன் பெயர் ஒரே சொல். முன்னால் என் பெயரின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் எப்படிப் போடுவது?
*– வாசகர், விருதுநகர்*

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே போட முடியாது. விரித்து எழுத வேண்டும். பெயர்ப் பகுதியில் மகன் பெயரும், குடும்பப்பெயர்ப் பகுதியில் உங்கள் முழுப்பெயரும் வரட்டும். குடும்பப்பெயரைக் காலியாக விடலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் தொல்லை பிறகு வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோருக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சிங்கப்பூருக்கு அந்தச் சிக்கல் இல்லை என்றாலும், டிக்கெட் பதிவுத் தளங்கள் இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும்.

ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் இருந்தால், அந்த விமான நிறுவனத்தின் வழக்கம் என்ன என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். சில நிறுவனங்கள் இரண்டு கட்டத்திலும் அதே பெயரை எழுதச் சொல்லும். சில வேறு மாதிரி. எழுத்துப்பிழையை மட்டுமே பெரும்பாலும் திருத்தித் தருவார்கள். பெயரையே மாற்றுவது அநேகமாகப் புது டிக்கெட் வாங்குவதில்தான் முடியும். விசா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். ஆதாரைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

13 வயதுப் பையனுக்கு அரை டிக்கெட் கிடைக்குமா?
*– வாசகர், ஈரோடு*

கிடைக்காது. விமானத்தில் 12 வயது நிறைந்தாலே பெரியவர் கட்டணம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ், மண்டாய் விலங்குத் தோட்டம் இரண்டிலும் 12 வயது வரைதான் சிறுவர் சீட்டு. விடுதியிலும் பல இடங்களில் அவன் மூன்றாவது பெரியவர். பதிவின்போதே வயதைச் சொல்லிக் கூடுதல் கட்டில் கேளுங்கள். எம்ஆர்டி ரயிலில் ஒரே அட்டையைத் தட்டி இருவர் போக முடியாது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.

எனக்கு 15 வயது. பவர் பேங்க், ஹெட்போன், அம்மா செய்யும் ஊறுகாய் எல்லாம் எடுத்துப் போகலாமா?
*– வாசகர், பொள்ளாச்சி*

தம்பி, பவர் பேங்க் கைப்பையில் மட்டும். பெட்டியில் போட்டுக் கொடுத்தால், ஸ்கேனில் தெரிந்ததும் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். லித்தியம் மின்கலம் சரக்கறையில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம் என்பதே காரணம். வரம்பு 100 வாட்-அவர் (Wh, மின்கலம் தேக்கும் ஆற்றலின் அளவு). கணக்கு எளிது: பவர் பேங்கில் அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 1,000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்கு. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், தாராளமாகக் கொண்டுபோகலாம். மேலே அச்சிட்ட எண் அழிந்திருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடுவதைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்து தடை செய்திருக்கிறது. அதனால் கைபேசியை வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பு. ஹெட்போனுக்குத் தடையில்லை. சிங்கப்பூரில் தட்டையான மூன்று முனை பிளக். அதற்கான அடாப்டர் ஒன்று வேண்டும்.

ஊறுகாயும் நெய்யும் திரவக் கணக்கில் சேரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். இறுக மூடி, இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டியில் வை. கொப்பரைத் தேங்காய் வேண்டாம். அதன் எண்ணெயால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் அதற்குத் தடை உண்டு. சூயிங்கம் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது. வேப் எனப்படும் மின்சிகரெட்டை வைத்திருப்பதே அங்கே குற்றம். நண்பன் கொடுத்தனுப்பும் பொட்டலம் எதையும் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதே. எம்ஆர்டிக்குள் சாப்பிடுவதோ குடிப்பதோ கூடாது. 500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் உண்டு.

விசாவும் அரைவல் கார்டும் ஒன்றுதானா? குடியேற்றச் சோதனையில் மகளோடு சேர்ந்தே நிற்கலாமா?
*– வாசகி, கும்பகோணம்*

இரண்டும் வேறு. விசா என்பது அனுமதி, அரைவல் கார்டு என்பது வருகை விவரங்களை இணையத்தில் நிரப்பித் தரும் படிவம். விசாவை அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக, பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கடைசி மூன்று மாதத்தில் எடுத்தது. பள்ளி அடையாள அட்டைப் படத்தை நகலெடுத்து வைப்பதுதான் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் வழக்கமான தவறு.

அரைவல் கார்டு இலவசம். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், சிங்கப்பூர் குடியேற்றத் துறையின் தளத்தில் ஆளுக்கொன்று நிரப்புங்கள். பணம் கேட்கும் தளம் போலி. சென்னையிலிருந்து இரவு பதினொன்றுக்குக் கிளம்பினால் இறங்குவது மறுநாள் காலை. கார்டிலும் விடுதிப் பதிவிலும் இறங்கும் தேதியே வர வேண்டும்.

சாங்கி விமான நிலையத்தில் 6 வயது நிறைந்தவர்களுக்குத் தானியங்கி வாசல்தான். ஒருவர் ஒருவராகவே நுழைய வேண்டும். மகள் தன் பாஸ்போர்ட்டைத் தானே கருவியில் வைத்து ஸ்கேன் செய்து, தொப்பியும் கண்ணாடியும் கழற்றி, கேமராவைப் பார்த்து நிற்க வேண்டும். முதல்நாளே அவளிடம் சொல்லிவையுங்கள். வாசல் திறக்கவில்லை என்றால் பயமில்லை. அதிகாரி இருக்கும் கவுண்டருக்கு அனுப்புவார்கள். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்று அங்கே கேட்டால் அவளே பதில் சொல்லத் தெரிந்திருக்கட்டும். விடுதி முகவரி, பெற்றோர் இருவரின் கைபேசி எண், விசா நகல், திரும்பும் டிக்கெட் எல்லாம் தாளில் அச்சிட்டு அவள் பையிலேயே இருக்கட்டும். கைபேசியில் மட்டும் வைத்தால், இறங்கும் நேரத்தில் இணையமும் இருக்காது, சார்ஜும் இருக்காது. போலீஸ் எண் 999, ஆம்புலன்ஸ் 995. இரண்டையும் அதே தாளில் எழுதிக்கொடுங்கள்.