ஞாயிறு பயிற்சியும் ஆராதனையும்: சுங்கை சிப்புட் சகோதரருக்குப் பதில்

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் சபை இளைஞர்கள் மூவர் மாவட்டக் காற்பந்து அணியில் தேர்வானதிலிருந்து, ஞாயிறு காலைப் பயிற்சியால் ஆராதனைக்கு வருவதில்லை என்றும், அவர்களை அணியிலிருந்து விலகச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சொல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து; அந்த முடிவு அவர்களுடைய மனச்சாட்சியிலிருந்து வர வேண்டும்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் ஞாயிறன்று நடந்த 100 மீட்டர் தகுதிச் சுற்றில் ஓட மறுத்ததையும், பின்னர் 400 மீட்டரில் 47.6 வினாடிகளில் தங்கம் வென்றதையும் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால், அந்த 400 மீட்டர் ஓட்டத்துக்கு முன், தேவனைக் கனம்பண்ணுகிறவரைத் தேவன் கனம்பண்ணுவார் என்னும் வசனத்தைத் துண்டுத் தாளில் எழுதி அவரிடம் சேர்ப்பித்தவர்கள், அவருடைய உடலைப் பிடித்துவிட்ட அணிப் பணியாளர்கள் என்பதை அதிகம் பேசுவதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் அவ்வளவு அருகில் ஒருவர் வேண்டும்.

ஆகவே, பயிற்சி முடியும் நேரத்தில் நீங்களே திடலுக்குச் செல்லுங்கள். சேறு அப்பிய காலணியைக் கழற்றியபடி, இன்றும் தன்னை மாற்று ஆட்டக்காரனாக உட்கார வைத்துவிட்டார்கள் என்று ஒருவன் சொல்லும்போது, உடனே வேதத்தைத் திறக்காமல் முழுவதும் கேளுங்கள். பின்னர் ஒட்டுக்கடையில் தேநீரோடு மாற்கு சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசித்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள். இயேசுவும் பன்னிரு சீடருக்குள் பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரைத்தான் மலைமேல் தனியே அழைத்துச் சென்றார்.

பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களாயின், பெற்றோருக்கும் போதகருக்கும் முன்கூட்டியே தெரிவித்து, எப்போதும் மூவரையும் சேர்த்தே சந்தியுங்கள்.