வளைகாப்பை நிறுத்த வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். எங்களுக்கு முதல் குழந்தை. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருப்பதையும், கைவிரல்கள் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து இறுகியிருப்பதையும் பார்த்தார்கள். பனிக்குட நீரை எடுத்துச் சோதித்ததில் எட்வர்ட்ஸ் சின்ட்ரோம் என்ற குரோமோசோம் குறைபாடு என்று உறுதியாயிற்று. கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று மருத்துவர்கள் ஆலோசனை சொன்னார்கள். நாங்கள் கடவுளை நம்புகிறவர்கள்; தொடர்வதென்று முடிவெடுத்தோம். இதே நிலையில் இருந்த என் சக ஊழியர் ஒருவர் வீட்டில் கருவைக் கலைத்துவிட்டார்கள். அவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் அம்மா திருக்கருகாவூரில் வேண்டிக்கொண்டு விளக்கெண்ணெய் வாங்கி வந்திருக்கிறார். அத்தை மகளைக் கட்டியதால்தான் இப்படி என்று சிலரும், கிரகணத்தன்று அவள் வெளியே போனதால் என்று சிலரும் சொல்கிறார்கள். முழுமனதாக நம்பினால் ஸ்கேன் மாறிவிடும் என்று உறவில் ஒரு பெரியவர் சொன்னார். இந்தச் சூழ்நிலையில் வளைகாப்பு வேண்டாமென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. என் கேள்வி இதுதான்: மருத்துவம் கைவிரித்த பிறகும் அற்புதம் நடக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வது எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்வதாகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆகாது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று பெற்றவர்கள் வேண்டாமல் வேறு யார் வேண்டுவது? மருத்துவர் சொன்னதை உங்களுக்குள் மறைத்துக்கொள்ளாமல் வேண்டிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். ஆனால் கடிதத்தை மறுபடியும் படித்தபோது, நீங்கள் கேட்காத ஒன்று என்னை உறுத்தத் தொடங்கியது. மருத்துவர்கள் பேசுகிறார்கள், அம்மா பேசுகிறார், உறவினர்கள் பேசுகிறார்கள், ஒரு பெரியவர் பேசுகிறார், நீங்களும் பேசுகிறீர்கள். அந்தப் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கும் பெண் மட்டும் உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. கர்ப்பத்தைத் தொடர்வதென்று முடிவானபோது அவர் என்ன சொன்னார், வளைகாப்பு இல்லை என்று தெரிந்தபோது எப்படி எடுத்துக்கொண்டார், இரவில் அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று எதுவுமே அதில் இல்லை. நீங்கள் அன்பில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. அன்புள்ளவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் சக ஊழியரைப் பற்றிய அந்த ஒரு வரியை நீங்கள் எழுதியிருக்கவே கூடாது. அந்த வீட்டில் எத்தனை இரவுகள் விளக்கு அணையாமல் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கடவுளை நம்புகிறவர்களும் கண்ணீரோடு அந்த முடிவுக்கு வருகிறார்கள். பிள்ளை மூச்சுக்குத் திணற வேண்டாமே என்று நினைத்து வருகிறார்கள். 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்ட பிறகு, கருவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரங்களுக்குப் பிறகும் கர்ப்பத்தை முடித்துக்கொள்ள வழியிருக்கிறது. அதற்கு வயது வந்த பெண்ணின் சம்மதத்தை மட்டுமே சட்டம் கேட்கிறது. கணவனின் கையெழுத்தையோ மாமியாரின் ஒப்புதலையோ கேட்பதில்லை. சட்டத்துக்கு இருக்கும் இந்தத் தெளிவு நம் வீடுகளுக்கு இல்லை. உங்கள் மனைவி தொடர விரும்பியிருந்தால் அது அவருடைய முடிவு, நீங்கள் அதற்குத் துணை நிற்கிறீர்கள், அதில் பெருமைப்படுங்கள். அதை வைத்து இன்னொரு தாயை அளக்காதீர்கள்.

அத்தை மகள், கிரகணம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 46 குரோமோசோம்கள் இருக்க வேண்டிய இடத்தில், பதினெட்டாவது ஒன்று கூடுதலாகச் சேர்ந்து 47 ஆகிவிடுவதுதான் இது. சொந்தத்தில் மணப்பதால் கூடும் நோய்கள் வேறு வகை. பெரும்பாலும் கரு உருவாவதற்கு முன்பே, தற்செயலாக நேர்ந்துவிடும் இந்தப் பிழைக்கு, அதன் பிறகு வந்த எந்தக் கிரகணமும் காரணமாக இருக்க முடியாது. அடுத்த பிள்ளையைப் பற்றிய அச்சம் இருந்தால் மரபியல் ஆலோசகரிடம் கேளுங்கள், உறவினரிடம் கேட்காதீர்கள்.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. முழுமனதாக நம்பினால் ஸ்கேன் மாறும் என்கிறார். மாறாவிட்டால்? யாருடைய மனம் முழுமையாக இல்லை என்று முடிவாகும்? உங்கள் மனமா, அவர் மனமா? இரண்டும் இல்லை, பிள்ளை பெற்று வெறும் மடியோடு வீடு திரும்பும் பெண்ணின் மனம்தான் குற்றவாளியாகும். எந்தச் செவ்வாய்க்கிழமை விரதத்தை அவள் பாதியில் முடித்தாள், எந்த நாளில் சலித்துக்கொண்டாள் என்று அவளே தனக்குள் தேடத் தொடங்குவாள். ஆறுதல்போல அவள் கையில் கொடுக்கப்படும் அந்த வாக்கியம் ஒரு கடன் பத்திரம். வட்டியோடு அவள்தான் ஆயுள் முழுவதும் கட்டியாக வேண்டும். நல்ல மனத்தோடு சொன்னார் என்று தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள். அவரிடம் போய், இனி இந்தப் பேச்சை என் மனைவியின் காதில் விழும்படி பேச வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். தயங்காமல் சொல்லுங்கள்.

உங்கள் அம்மா போய்வந்த கோயிலின் தலபுராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கர்ப்பவதியாகத் தனித்திருக்கிறாள். ஊர்த்துவபாதர் என்ற முனிவர் வாசலில் வந்து நிற்கிறார். களைப்பில் அவளால் உடனே எழுந்து வந்து உபசரிக்க இயலவில்லை. அவர் சபிக்கிறார், கரு கலைகிறது. வேதிகை அம்பிகையிடம் முறையிடுகிறாள், அம்பிகை அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்துப் பிள்ளையாகக் கொடுக்கிறாள். பிள்ளை பிழைத்த முடிவை மட்டுமே நாம் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதன் நடுப்பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு முனிவர் கர்ப்பிணியிடம் குற்றம் கண்டார். அம்பிகை குற்றம் காணவில்லை. ஏன் எழுந்து வரவில்லை என்று அவள் வேதிகையைக் கேட்கவே இல்லை. அந்தச் சந்நிதியின் எண்ணெயை வயிற்றில் தடவிக்கொள்ளும் பெண்ணிடம் உங்கள் உறவினர்கள் கிரகணக் கணக்குக் கேட்கிறார்கள்.

என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். 1970-களின் இறுதியில் அவளுடைய முதல் பிரசவம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஸ்கேன் கிடையாது. வலி எடுத்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். பிள்ளைக்கு மண்டையோடு வளர்ந்திருக்கவில்லை. இறந்தே பிறந்தது என்று அக்காவிடம் சொன்னார்கள். அது பொய். மாலை வரை அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது என்பதை வெகுநாள் கழித்து ஓர் ஆயா மூலம் அவள் அறிந்துகொண்டாள். பார்த்தால் அடுத்த கர்ப்பத்தில் அந்த முகமே நினைவில் நிற்கும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, அவள் கண்ணில் காட்டாமலே எடுத்துவந்துவிட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் வேட்டித் துணியில் சுற்றிக் குடமுருட்டிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடப் பையனாக இருந்த நானும் கூடப் போனேன். துணி விலகியபோது ஒரு பாதத்தைப் பார்த்தேன். மூன்றாம் நாள் அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மல்லிகைப் பூவை வைத்து மார்பைச் சுற்றிக் கட்டினார்கள். அந்த வழக்கம் வெறும் நம்பிக்கையல்ல, பால் சுரப்பைக் குறைக்கவே செய்கிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். உடம்புக்கு மருந்து தெரிந்திருந்த அந்தப் பெண்களில் ஒருத்திக்குக்கூட, பிள்ளையை ஒரு நாழிகை அவள் மடியில் வையுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

அக்கா பிறகு இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள். ஆனாலும் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பாதத்தைப் பற்றிக் கேட்கிறாள். விரல்கள் நீளமா, நிறம் எப்படி, அப்பாவுடைய கால்போல இருந்ததா என்று கேட்கிறாள். சென்ற மாதமும் கேட்டாள். உங்கள் கடிதம் வந்தபோது நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பிள்ளை எப்படியும் பிழைத்திருக்காது; அதில் யார் குற்றமும் இல்லை. அந்த ஒரு பகல் அவளுக்கு உரியது. அதை அவளிடமிருந்து பறித்ததுதான் குற்றம். அதைச் செய்தவர்கள் எல்லோரும் அவளை உயிராக நேசித்தவர்கள்.

உங்களுக்கு அந்தப் பகல் வரும் என்று முன்பே தெரிந்திருக்கிறது. ஜான் எட்வர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1960-இல் விவரித்த குறைபாடு இது. இத்தகைய கருக்களில் பல கருப்பையிலேயே இறந்துவிடுகின்றன. உயிரோடு பிறப்பவற்றில் ஏறத்தாழ பாதி, முதல் இரண்டு வாரங்களைத் தாண்டுவதில்லை. ஓராண்டைக் காண்பவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து. அப்படி வளரும் குழந்தைகளுக்கும் கடுமையான வளர்ச்சிக் குறைபாடுகள் இருக்கும், ஆனால் அவை பெற்றவர்களை அறிந்துகொள்கின்றன, சிரிக்கின்றன. அந்தச் சில குழந்தைகளில் ஒன்றாக உங்கள் பிள்ளை இருக்கட்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் பிழைத்தால்தான் பிள்ளை என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் இப்போதே தகப்பன்.

ஆகவே, பிரசவத்துக்கு முன்பே மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மனைவியையும் அழைத்துப்போங்கள், முதலில் அவரைப் பேசவிடுங்கள். பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தால் சிசேரியன் செய்வார்களா, அதனால் யாருக்கு என்ன பயன்? பிறந்ததும் சுவாசக் கருவியில் வைப்பார்களா, அல்லது உடனே தாயின் மார்பில் கிடத்துவார்களா? கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கி நம் நாட்டுக்கே வழிகாட்டிய பாலியேட்டிவ் கேர், அதாவது நோயைத் தீர்க்க முடியாதபோதும் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு, புற்றுநோயாளிகளுக்கு மட்டும் உரியதல்ல. குழந்தைக்கும் உண்டு: குளிராமல் பார்த்துக்கொள்வது, சீம்பாலைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விடுவது, மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மருந்து கொடுப்பது. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978-இல் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய கங்காரு முறையில், தோலோடு தோலாகத் தாயும் தகப்பனும் மாறி மாறி அணைத்துக்கொள்ளலாம். இவற்றை எங்கே செய்வார்கள், யாரை உள்ளே விடுவார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். வலியெடுத்த இரவில் கேட்க முடியாது.

பிள்ளைக்கு ஒரு பெயர் வையுங்கள். ஆணா பெண்ணா என்று ஆய்வகத்துக்குத் தெரிந்திருந்தாலும், 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களிடம் சொல்ல மாட்டார்கள். இரண்டுக்கும் பொருந்தும் பெயராக உங்கள் மனைவி தேர்ந்தெடுக்கட்டும். ஒரு நிமிடம் மூச்சு விட்டாலும் 1969-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அந்தக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டு. இருபத்தொரு நாட்களுக்குள் பெயரோடு பதிவு செய்யுங்கள். சிறு பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் வருவார்கள். பால் சுரந்தால் நிறுத்த மாத்திரை இருக்கிறது. விரும்பினால் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாம், 1989-இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது. இரண்டில் எது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பார்க்க வேண்டாம் என்று அவர் சொன்னாலும் வற்புறுத்தாதீர்கள். சற்று நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். படம் எடுத்து வைத்திருங்கள். பிறகு என்றாவது கேட்பார்.

இனி வளைகாப்பு. ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளைக்கு வெளியோசை கேட்கும் என்பது மருத்துவமும் ஒப்புக்கொண்ட செய்தி. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு கேட்கும் என்று தெரியாது. வளையல் ஓசை உங்கள் மனைவிக்கு நிச்சயம் கேட்கும். தெருவில் மற்ற கர்ப்பிணிகளுக்கெல்லாம் நடப்பது தனக்கு மட்டும் நடக்கவில்லை என்பதும் அவருக்குக் கேட்கும். அதை நிறுத்தும்போது, உன் வயிற்றில் இருப்பதைக் கொண்டாட நாங்கள் தயாராக இல்லை என்றுதான் அந்த வீடு அவரிடம் சொல்கிறது. அவருக்கு வேண்டுமா என்று இன்றைக்கே கேளுங்கள். வேண்டுமென்றால், மண்டபமோ கூட்டமோ தேவையில்லை. புளியோதரையும் தயிர்ச்சாதமும் சர்க்கரைப் பொங்கலும் செய்து, அவர் மனதுக்குப் பிடித்தவர்களை மட்டும் அழையுங்கள். கிரகணத்தைப் பற்றிப் பேசியவர்களை அழைக்காதீர்கள். உங்கள் அம்மா கொண்டுவந்த எண்ணெயும் அங்கே இருக்கட்டும். முதல் வளையலை உங்கள் அம்மாவையே போடச் சொல்லுங்கள்; பேரப்பிள்ளைக்காகக் கோயிலுக்குப் போய் நின்றவர் மறுக்க மாட்டார்.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். நான் சொன்னதில் அவருக்கு ஒவ்வாதது எதுவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள், எனக்காக அவரிடம் வாதாடாதீர்கள். அவருக்கு எழுதத் தோன்றினால், உங்கள் மின்னஞ்சலிலிருந்து அல்லாமல் அவர் பெயரிலேயே எழுதட்டும். அதை இங்கே வெளியிட மாட்டேன். அவருக்கு மட்டும் பதில் எழுதுவேன்.