வாசகர் கேள்வி – பதில்: மூட்டுவலிக்காரர் எந்தப் பக்கம் ஏறுவது?

கே: எனக்கு 61, வீட்டுக்காரருக்கு 66. ஜப்பானில், நகோயாவில் வேலை பார்க்கும் மகன் நவம்பரில் கூப்பிடுகிறான். கிராமத்துப் பக்கம் ஒரு மலைப்பாதையாவது நடக்க ஆசை. இருவருக்கும் மூட்டுவலி. முடியுமா?
– வாசகி, குடியாத்தம்

ப: தாராளமாக. நகோயாவிலிருந்து கிசோ பள்ளத்தாக்குதான் தோது. எடோ காலத்து (17–19ஆம் நூற்றாண்டு) நகசெந்தோ நெடுஞ்சாலையில் மகோமே, சுமாகோ என்று இரண்டு பழைய சத்திர ஊர்கள். நடுவே 8 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம்.

மகோமேவிலிருந்து தொடங்கினால் ஏற்றம் குறைவு என்பார்கள். உண்மைதான். மகோமே சுமார் 600 மீட்டர், நடுவில் கணவாய் 800, சுமாகோ 420. ஏறுவது 200, இறங்குவது 380. ஆனால் மூட்டைப் படுத்துவது இறக்கம்தானே? ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம்; இறக்கத்தில் ஒவ்வோர் எட்டுக்கும் உடம்பின் பாரம் முழங்காலில் இடிக்கும். ஆகவே நீங்கள் தலைகீழாகப் போங்கள். நாகிசோ ஸ்டேஷனில் இறங்கி, பஸ்ஸில் சுமாகோ, அங்கிருந்து நடை. முடிவில் மகோமேவிலிருந்து நகட்சுகவா ஸ்டேஷனுக்கு பஸ், சுமார் 25 நிமிடம்.

கல் பாவிய இடங்களில் பாசி இருக்கும். மழை பெய்தால் வழுக்கும். ஆளுக்கொரு ஊன்றுகோல் அவசியம். நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், மரநிழலில் இன்னும் சீக்கிரம். காலை பத்துக்குள் கிளம்பிவிடுங்கள். வழியில் மணிகள் தொங்கும், அடித்துவிட்டே போங்கள். வேண்டுதலுக்கு அல்ல, கரடிக்கு ஆள் வருவது தெரியட்டும் என்று.

அதுவரை ரத்தினகிரி படிகளில் பழகுங்கள். இறங்கும்போது அவசரம் கூடாது. மெதுவாக இறங்கினால்தான் தொடைத்தசை வலுவாகும்.

கே: ஆறு வருஷம் முன்பு வாங்கிய மலையேற்ற ஷூ பெட்டியிலேயே இருக்கிறது. புதுசுபோலத்தான் தெரிகிறது. போட்டுக்கொண்டு போகலாமா?
– வாசகர், ஆம்பூர்

ப: தோல் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! மேல்தோல் நன்றாகவே இருக்கும். பிரச்சினை, அடியில் மெத்தென்று இருக்கும் பாலியூரித்தேன் பகுதியில். காற்றின் ஈரப்பதம் பட்டுப்பட்டு அது உள்ளுக்குள் சிதையும், போடாமல் வைத்திருந்தாலும். நடக்கத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் அடி பிளந்துகொள்ளலாம். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டாலோ பொடியாக உதிர்ந்தாலோ வேண்டாம். புதிது வாங்கினால் மாலையில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

கே: சுத்த சைவம். ஜப்பான் மலை ஊர்களில் என்ன சாப்பிடுவது?
– வாசகர், காட்பாடி

ப: கஷ்டம்தான். கறி வேண்டாம் என்றால் புரிந்துகொள்வார்கள். ஆனால் சூப், சோபா நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய் வரை ‘தாஷி’ சேரும். பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு அது. மீன் சாறும் ஆகாது என்று அறை பதிவு செய்யும்போதே எழுதுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் சமையல் முடிந்திருக்கும். கோயாசான் என்ற பௌத்த மலைத்தலத்தின் மடங்களில் தங்கினால் கவலையில்லை, அங்கே பிக்குகளின் சைவச் சாப்பாடு. பருப்புப்பொடி எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் வேண்டாம். விமான நிலையச் சோதனையில் போய்விடும்.

கே: பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் லீவு கிடைக்கும். போகலாமா?
– வாசகி, ஆரணி

ப: வேண்டாம். ஜூன் தொடங்கி ஜூலை நடுவரை ஜப்பானில் மழைக்காலம்.