கைப்பேசித் திருப்பலியும் காலியான இருக்கையும்

கேள்வி: 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் கத்தோலிக்க ஆலயத்தின் ஞாயிறு வழிபாடான திருப்பலியைக் கைப்பேசியில் காணத் தொடங்கினேன். ஆலயம் திறந்த பிறகும் அப்பழக்கம் தொடர்கிறது. எங்கள் பங்கு ஆலயத்தில் குருவானவர் ஆற்றும் மறையுரை அரை மணி நேரம் நீள்கிறது. இணையத்தில் கேட்பவையோ நெஞ்சைத் தொடுகின்றன. உடல்நலக் குறைவு எதுவும் எனக்கு இல்லை. நான் செய்வது தவறா?

பதில்: மறையுரை பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானதே. மறையுரையால் கேட்போரும் துன்புறுகின்றனர், ஆற்றுவோரும் துன்புறுகின்றனர் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் அறிவுரை மடலில் ஒளிவுமறைவின்றி எழுதினார். மறையுரை 8 நிமிடங்களைத் தாண்ட வேண்டாம் என்று 2024-இல் கேட்டுக்கொண்டார். இதைப் பங்குத்தந்தையிடம் அன்போடு எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால், மறையுரை கேட்பதற்காக மட்டும் நாம் ஆலயம் செல்வதில்லை. ஊரடங்கு மாதங்களில் நானும் கைப்பேசியைச் செபப் புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்துத் திருப்பலி கண்டவள்தான். ஒரு ஞாயிறன்று குருவானவர் அப்பத்தை உயர்த்திய அந்த நொடியில், மின்கலம் தீரப்போகிறது என்னும் அறிவிப்பு வந்து அதை மறைத்தது. பதறிப்போய் விரலால் தள்ளினேன். விரலில் பட்டது கண்ணாடி. கண்டது பொய்யில்லை, ஆயினும் எனக்குப் பசித்தது, அப்பசியைக் காட்சியால் ஆற்ற முடியவில்லை. இணையத்தில் அருட்சாதனங்கள் (நற்கருணை போன்ற, இறையருள் தரும் சடங்குகள்) இல்லை என்று வத்திக்கானின் சமூகத் தொடர்புத் திருப்பேரவை 2002-இலேயே தெளிவாகச் சொன்னதை நான் முன்னரே அறிந்திருந்தாலும், அதன் பொருள் அன்றுதான் எனக்கு உறைத்தது.

நோயுற்றோருக்கும் கைக்குழந்தையைப் பராமரிப்போருக்கும் ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடமையிலிருந்து விலக்கு உண்டு. அவர்களுக்கு ஒளிபரப்பு பெரிய ஆறுதல். ஆனால் நலமாக இருக்கும் நமக்கோ, பிடித்த குரலை மட்டும் கேட்டு, பிடிக்காததை விரலால் தள்ளிவிடும் இக்காலப் பழக்கம் வழிபாட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஆலயத்தில் அருகில் அமர்பவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பல மாதங்கள் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த ஒருவர் பக்கம் சமாதான வாழ்த்து நேரத்தில் நான் திரும்ப வேண்டியிருந்தது. வாய் திறக்கச் சில நொடிகள் ஆயின. அவர் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்த பிறகு, மறையுரை எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவில்லை. மறையுரைகளை வார நாள்களில் தாராளமாகக் கேளுங்கள். ஞாயிறன்று உங்கள் இருக்கை காலியாக இருக்க வேண்டாம்.

கேள்வி: "பெண்களுக்கு அங்கே என்ன இடம்?" என்று கேட்டுவிட்டு, கல்லூரியில் பயிலும் என் மகள் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்கு என்ன சொல்வது?

பதில்: அவள் கேட்பதை அடக்காதீர்கள், அதே கேள்வியோடு பல ஆண்டுகள் முழந்தாளிட்டவள் நான். குருத்துவத் திருப்பொழிவு, அதாவது குருவாக ஏற்படுத்தும் சடங்கு, ஆண்களுக்கே உரியது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1994-இல் உறுதிப்படுத்தியதையும், அது பல பெண்களுக்கு வலிக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். அதே மூச்சில் இதையும் சொல்லுங்கள்: உயிர்த்த ஆண்டவரைப் பற்றிய செய்தியைத் திருத்தூதர்களுக்கே கொண்டுசென்றவர் மகதலா மரியா, அவரது நினைவுநாள் 2016-இல் விழாவாக உயர்த்தப்பட்டது. புனிதர்களான அவிலா தெரேசாவும் சியன்னா கத்தரீனும் 1970-இல்தான் மறைவல்லுநர்களாக, அதாவது திருச்சபையின் சிறந்த ஆசிரியர்களாக, அறிவிக்கப்பட்டனர். வாசகர் (இறைவாக்கைப் படிப்பவர்), பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுபவர்) பணிகளில் பெண்களை நிலையாக ஏற்படுத்தத் திருச்சபைச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. இவை தாமதமாகவே வந்தன என்று அவள் சொன்னால், ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பிறகு விவாதத்தை விட்டுவிடுங்கள். உங்கள் பங்கில் ஞாயிறு வாசகம் படிக்க ஆள் தேவைப்படுகிறதா என்று கேட்டுப்பாருங்கள். தேவை இருந்தால், முந்தைய நாள் இரவு அந்தப் பகுதியை அவள் கையில் கொடுத்து, உங்களுக்காக ஒரு முறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். படிக்க வருவதா வேண்டாமா என்பதை அதன் பின் அவளே தீர்மானிக்கட்டும்.