ஜெட்டிக்குள் சோப் சர்வீஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஜாவா 8-இல் ஓடிய சோப் சர்வீஸ் (எக்ஸ்எம்எல் செய்திகளால் மற்ற புரோகிராம்களோடு பேசும் சர்வீஸ்), ஜாவா 11-க்கு மாறியதும் கம்பைலே ஆகவில்லை. ஏன் சார்?

பதில்: சோப் சர்வீஸ் எழுத உதவும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், ஜாவா 6-இலிருந்து ஜேடிகேவோடு (ஜாவா டெவலப்மென்ட் கிட்) சேர்ந்தே வந்தது. 2018-இல் வந்த 11-இல் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் கோடில் தப்பில்லை. லைப்ரரியை இனி நீங்கள்தான் மேவன் என்ற பில்ட் கருவியில் சேர்க்க வேண்டும். சேர்ப்பதுதான் சேர்க்கிறீர்கள், ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸைச் செயல்படுத்தும் அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் லைப்ரரியையே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு சர்வீஸ்தான். அதற்காகத் தனியாக டாம்கேட் சர்வர் போட வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஜெட்டி என்பது உங்கள் புரோகிராமுக்குள்ளேயே ஓடக்கூடிய வெப் சர்வர். மெயின் மெத்தடிலேயே அதை உருவாக்கி, ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் இல்லாமல் ஓடும் சிஎக்ஸ்எஃப் சர்வ்லெட்டை (வெப் கோரிக்கைகளை வாங்கும் கிளாஸ்) அதில் மாட்டுங்கள். வரிசை முக்கியம்: முதலில் சர்வரை ஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு அந்த சர்வ்லெட்டின் பஸ்ஸை (சிஎக்ஸ்எஃப்பின் பாகங்களை இணைக்கும் மையப் பொருள்) டீஃபால்ட் பஸ்ஸாக வையுங்கள், அப்புறம்தான் எண்ட்பாயின்ட்டை, அதாவது சர்வீசை அழைக்கும் இடத்தை, பப்ளிஷ் செய்ய வேண்டும். முகவரியாக முழு யூஆர்எல் வேண்டாம், சாய்கோட்டில் தொடங்கும் பாதை போதும். சிஎக்ஸ்எஃப்பின் ஜெட்டி டிரான்ஸ்போர்ட்டும் கிளாஸ்பாத்தில் இருந்து, நீங்கள் முழு யூஆர்எல் கொடுத்தால், அது தனக்கென்று இன்னொரு ஜெட்டியைக் கிளப்பப் பார்க்கும்.

கேள்வி: ஜெட்டியில் எந்த வெர்ஷன்?

பதில்: சிஎக்ஸ்எஃப் 3.6 என்றால் ஜெட்டி 10, இரண்டும் ஜாவாக்ஸ் என்ற பழைய பேக்கேஜ் பெயரில் ஓடுபவை. சிஎக்ஸ்எஃப் 4 ஜகார்த்தா என்ற புதிய பேக்கேஜ் பெயருக்கு மாறிவிட்டது. அதோடு ஜெட்டி 10 ஒத்துவராது.

கேள்வி: ஐடிஇயில் நன்றாக ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே ஜார் ஃபைலாகக் கட்டினால் மட்டும் எர்ரர். இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது.

பதில்: இதில் மாட்டாதவர்கள் குறைவு. சிஎக்ஸ்எஃப்பின் பல ஜார்களில், மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஎக்ஸ்எஃப் ஃபோல்டரில் பஸ்-எக்ஸ்டென்ஷன்ஸ் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். எந்தெந்தப் பாகங்களை லோடு செய்ய வேண்டும் என்ற பட்டியல் அது. அந்த ஜார்கள் எல்லாவற்றிலும் ஒரே பெயர் என்பதால், ஒன்றாகக் கட்டும்போது ஒரு ஃபைல்தான் மிஞ்சும். மற்ற ஜார்களின் பட்டியல் போய்விடுவதால், சோப் பைண்டிங்கோ எச்டிடிபி டிரான்ஸ்போர்ட்டோ இல்லை என்று எர்ரர் வரும். ஜார்களை ஒன்றாகக் கட்டும் மேவன் ஷேட் பிளகினில் அப்பெண்டிங் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு அந்த ஃபைலின் பாதையைக் கொடுங்கள்; எல்லாப் பட்டியலும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மெட்டா-இன்ஃபில் இருக்கும் சர்வீசஸ் ஃபோல்டருக்கும் இதே கதிதான், அதற்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. கட்டியபின் ஜாரைத் திறந்து அந்த ஃபைலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சர்வீசுக்கு முன்னால் என்ஜினெக்ஸ் (வெளிக் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் சர்வர்) இருக்கிறது. சர்வீசை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலில் உள் முகவரி தெரிகிறதே?

பதில்: பப்ளிஷ்டு எண்ட்பாயின்ட் யூஆர்எல் என்று ஒரு செட்டிங் உண்டு. வெளியே தெரிய வேண்டிய முகவரியை அதில் கொடுங்கள், டபிள்யூஎஸ்டிஎல்லில் அதுவே வரும்.